காலி இடம்

ஒரு வாரமாக ஒரு நூலகத்தில் உட்கார்ந்து 1975, 76ஆம் ஆண்டு நாளிதழ்களின் பைண்டு வால்யூம்களைப் புரட்டிக்கொண்டிருக்கிறேன். தாள் பழுப்பேறிவிட்டது. மடிப்பில் கை பட்டால் உதிர்கிறது. நூலகர் அம்மா ஒரு மரஸ்கேலைக் கொடுத்து, "இதை அடியில விட்டுத் திருப்புங்க சார்" என்றார். நெருக்கடி நிலையின் தடயங்களைத் தேடித்தான் போனேன். முதல் இரண்டு நாள் கண்ணில் பட்டதெல்லாம் இருபது அம்சத் திட்டம், அமைச்சர் திறந்துவைத்த பாலம், சினிமா விளம்பரம், மழை நிலவரம். மூன்றாம் நாள்தான் உறைத்தது. நாடு முழுவதும் விசாரணையின்றி ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் சிறையில் கிடந்த காலம் அது. நான் புரட்டிய பக்கங்களில் அவர்களைக் காணவே இல்லை.

* * *

தேதிகளை எனக்காக ஒருமுறை எழுதிவைத்துக்கொள்கிறேன். 1975 ஜூன் 12, ரேபரேலியில் இந்திரா காந்தி பெற்ற வெற்றி செல்லாது என்று அலகாபாத் உயர்நீதிமன்ற நீதிபதி ஜக்மோகன்லால் சின்ஹாவின் தீர்ப்பு. ஜூன் 24, உச்சநீதிமன்றத்தில் கிருஷ்ணய்யர் நிபந்தனையோடு கொடுத்த தடை. ஜூன் 25 இரவு, குடியரசுத் தலைவர் பக்ருதீன் அலி அகமது கையெழுத்திட்டார். அமைச்சரவைக்குச் சொன்னது மறுநாள் விடிகாலையில். அதற்குள் டெல்லியில் பத்திரிகை அலுவலகங்கள் வரிசையாக இருக்கும் பகதூர் ஷா ஜாபர் மார்க்கில் மின்சாரத்தைத் துண்டித்துவிட்டார்கள். தணிக்கை ஆணை, தணிக்கை அதிகாரி, விதிமுறைகள் எல்லாம் பிறகுதான் வந்தன. முதல் ராத்திரிக்கு ஃப்யூஸைப் பிடுங்கியதே போதுமானதாக இருந்தது.

* * *

ஜூன் 28. இந்தியன் எக்ஸ்பிரஸ் தலையங்கம் இருக்கவேண்டிய இடத்தை வெறுமையாக விட்டு வெளிவந்தது. துக்ளக் அட்டையை முழுக்கக் கறுப்பாக அச்சிட்டார் சோ. இரண்டையும் வாங்கியவர்களுக்கு விஷயம் புரிந்துவிட்டது.

தணிக்கையாளர்களுக்கும் புரிந்தது. தலையங்கத்தைக் காலியாக விடக்கூடாது என்று விதிமுறை வந்தது. அந்த இடத்தில் காந்தி, தாகூர், நேரு மேற்கோள்களைப் போட்டு நிரப்பவும் கூடாது. என்னை இந்தக் குறிப்புகளை எழுதவைத்ததே இந்த ஒரு விதிதான். அரசாங்கத்தைத் திட்டும் கட்டுரையை அதிகாரி அடிப்பது எதிர்பார்க்கக்கூடியதுதான். ஆனால் அடித்த இடம் அடித்ததாகத் தெரியக்கூடாது, பக்கம் முழுசாக இருக்கிறது என்றே வாசகன் நம்பவேண்டும் என்று உட்கார்ந்து யோசித்திருக்கிறார்களே, அதை நினைத்தால்தான் வயிற்றைக் கலக்குகிறது.

* * *

பெரியப்பா அந்தக் காலத்தில் மதுரையில் ஒரு சிறு வாரப் பத்திரிகையின் அச்சகத்தில் கம்பாசிட்டர். ஈய எழுத்தைக் கேஸிலிருந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கோத்து, நூல் சுற்றிக் கட்டி, காலி புரூஃப் எடுத்துக் கொடுப்பார். அந்தப் புரூஃபைப் பையன் ஒருவன் அதிகாரியிடம் கொண்டுபோவான். மாலையில் திரும்பி வரும்போது பென்சில் கோடு விழுந்திருக்கும்.

கோடு விழுந்த வரிகளை உருவி எடுத்தால் ஃபாரத்தில் நாலு விரல்கடை பள்ளம் விழும். அதை அப்படியே விடமுடியாது. எனவே பெரியப்பா துணுக்குகளை முன்கூட்டியே கோத்து, நூல் கட்டி, அலமாரியில் அடுக்கி வைத்திருப்பாராம். நாலு வரித் துணுக்கு, ஆறு வரித் துணுக்கு, பத்து வரித் துணுக்கு. முருங்கைக்கீரையின் சத்து, ஒட்டகம் எத்தனை நாள் தண்ணீர் இல்லாமல் இருக்கும், வெள்ளிச் சாமானை மெருகேற்றுவது எப்படி. பள்ளத்தின் அளவு பார்த்து எடுத்துச் செருகுவார். வாசகருக்கு ஒன்றும் தெரியாது.

சில மாதம் போனதும், கையெழுத்துப் பிரதியைப் படிக்கும்போதே எந்தப் பத்தி போகும் என்று அவருக்கே தெரிந்துவிட்டது. அதைக் கோக்கும்போதே பொருத்தமான துணுக்கையும் எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொள்வார். பிறகு ஆசிரியரே அந்தப் பத்திகளை எழுதுவதை நிறுத்திவிட்டார். கடைசி மாதங்களில் புரூஃப் ஒரு கோடுகூட இல்லாமல் திரும்பி வந்ததாம். பையன் அதிகாரி அலுவலகத்தில் காத்திருக்கும் நேரமும் குறைந்துவிட்டது.

"அதைப் பெருமையா சொல்லலடா," என்றார் பெரியப்பா. அவருக்கு அப்போது எழுபது வயது தாண்டியிருந்தது. "கோடு இல்லாம வந்தப்ப எங்க எல்லாருக்கும் சந்தோஷமா இருந்துச்சு. வேலை சீக்கிரம் முடிஞ்சுதேன்னு. அதத்தான் நெனச்சு நெனச்சுப் பாக்குறேன்."

* * *

1976 ஜனவரி 31 அன்று தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்டது. அன்றிரவு முதலே, விசாரணையின்றிச் சிறைவைக்கும் மிசா சட்டத்தில் கைதுகள். யார் யாரைப் பிடித்தார்கள் என்று செய்தி போடமுடியாது. மூன்றே நாளில், பிப்ரவரி 3ஆம் தேதி, அண்ணா நினைவு நாள் வந்தது. அண்ணா நினைவிடத்துக்கு மலர்வளையம் வைக்க வர இயலாதவர்கள் என்று மாவட்டவாரியாக ஒரு பெயர்ப்பட்டியலை வெளியிட்டது முரசொலி. தணிக்கை அதைக் கடந்துபோக விட்டுவிட்டது. பட்டியலில் தம் வீட்டுப் பெயரைப் பார்த்தவர்களுக்கு, எங்கே போனார் என்று தெரியாமல் தவித்த அந்த நாட்களில், அதுதான் கைது அறிவிப்பு.

அதே முரசொலியில் வெண்டைக்காய் உடம்புக்கு நல்லது, விளக்கெண்ணெய் சூட்டைத் தணிக்கும் என்றெல்லாம் கருணாநிதி எழுதிய கதையைக் கழகத்துக்காரர்கள் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். நான் சிரிக்கத் தயாராக இல்லை. சென்னை மத்தியச் சிறையில் அடி வாங்கியவர்களில் முன்னாள் மேயர் சிட்டிபாபு 1977 ஜனவரியில் இறந்தார். திருமணமாகி ஆறு மாதம்கூட ஆகாத ஸ்டாலின் மீது விழுந்த அடிகளைத் தம் உடம்பில் வாங்கிக்கொண்டவர் அவர். உள்ளே நடந்ததை விசாரிக்க நீதிபதி இஸ்மாயில் ஆணையம் அமைந்தது நெருக்கடி நிலை முடிந்த பிறகுதான்.

* * *

ஒரு சட்டத்தின் கதை. நாடாளுமன்றத்தில் பேசப்பட்டதை அப்படியே வெளியிடும் பத்திரிகை மீது வழக்குப் போடக்கூடாது என்று 1956இல் ஒரு சட்டம் வந்தது. கொண்டுவந்தவர் ரேபரேலி எம்.பி. பெரோஸ் காந்தி. அமைச்சர் அல்ல, சாதாரண உறுப்பினராக இருந்து கொண்டுவந்தார். அவருடைய மனைவியின் அரசு 1975 டிசம்பரில் ஓர் அவசரச் சட்டத்தால் அதை நீக்கியது. பத்திரிகைக் கவுன்சிலும் அதே சமயத்தில் போனது. அடுத்து, நான்கு செய்தி நிறுவனங்களைச் சேர்த்து 'சமாச்சார்' என்று ஒன்றாக்கினார்கள். பம்பாய், குஜராத் உயர்நீதிமன்றங்கள் தணிக்கையின் வரம்பு மீறலைக் கண்டித்துத் தீர்ப்பளித்தன. நீதிபதிகளின் துணிச்சலை மறக்கக்கூடாது. ஆனால் நீதிமன்றச் செய்தியும் தணிக்கை மேசை வழியாகத்தான் வரவேண்டியிருந்தது.

* * *

"எமர்ஜென்சில ரயில் நேரத்துக்கு வந்துச்சு, ஆபீஸ்ல ஆளு சீட்ல இருந்தான்" என்று சொல்லும் பெரியவர்களை இன்றும் பார்க்கிறேன். நல்ல மனிதர்கள். பொய் சொல்லவில்லை. அவர்கள் படித்த பேப்பரில் ரயில் இருந்தது. டெல்லி துர்க்மான் கேட்டில் வீடுகளை இடித்ததும் துப்பாக்கிச் சூடும், வடக்கில் ஆள்பிடித்து நடத்திய கருத்தடையும் அந்தப் பேப்பரில் இல்லை. ஒரே ஆண்டில் 80 லட்சத்துக்கும் மேல் கருத்தடை அறுவைச் சிகிச்சைகள்.

1977 மார்ச் தேர்தலில் உத்தரப் பிரதேசத்தின் 85 தொகுதிகளிலும் பீகாரின் 54 தொகுதிகளிலும் காங்கிரசுக்கு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. ரேபரேலியில் இந்திரா காந்தியே தோற்றார். அங்கே ஜனங்களுக்குப் பேப்பர் தேவைப்படவில்லை, அவர்கள் உடம்பிலேயே எழுதியிருந்தது. இங்கே அ.தி.மு.க., காங்கிரஸ் அணி 39இல் 34 இடங்களை வென்றது. எம்.ஜி.ஆர்., ஊழல் புகார்களை விசாரித்த சர்க்காரியா கமிஷன், தி.மு.க. மீதான கோபம் என்று காரணங்கள் பல உண்டு, மறுக்கவில்லை. ஆனாலும் அந்த 34ஐப் பார்க்கும்போதெல்லாம் பெரியப்பாவின் துணுக்கு அலமாரி ஞாபகம் வருகிறது.

தேர்தலை அறிவித்தபோது, வெற்றி நிச்சயம் என்றே உளவுத்துறை பிரதமருக்குச் சொன்னதாகப் பலர் எழுதியிருக்கிறார்கள். அது உண்மையானால், பத்தொன்பது மாதம் நாட்டுக்குக் கொடுத்த அதே பேப்பரைத்தான் அவரும் படித்துக்கொண்டிருந்தார்.

* * *

2025 பிப்ரவரி 15, மாலை. விகடன் இணையதளம் பலருக்குத் திறக்கவில்லை. விகடன் ப்ளஸ் அட்டையில் பிரதமர் கைவிலங்கோடு டிரம்ப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் கார்ட்டூன் சில நாள் முன்பு வந்திருந்தது. நானும் நாலைந்து முறை தட்டிப் பார்த்தேன். நெட் மெதுவாக இருக்கிறது என்றுதான் முதலில் நினைத்தேன், மோடத்தை அணைத்துப் போட்டேன். தடை பற்றிய அறிவிப்பு அந்த நேரம் வரை விகடனுக்கே வரவில்லை. மார்ச் 6 அன்று, அந்தக் கார்ட்டூன் பக்கத்தை எடுத்தால் தளத்தைத் திறந்துவிடவேண்டும் என்று சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது.

1987இல் இதே விகடன் ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்கு, அட்டை ஜோக்குக்காகத் தமிழக சட்டமன்றம் மூன்று மாதச் சிறை விதித்தது. அதுவும் அநியாயம்தான். ஆனால் ஊர் முழுக்கப் பார்க்க நடந்தது. எதிர்ப்பு கிளம்பியது. சில நாட்களிலேயே அவரை விடுவிக்கவேண்டியதாயிற்று.

இப்போது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவு. அதன்கீழ் 2009இல் வந்த விதிகளில் 16ஆவது, தடைக் கோரிக்கைகளும் நடவடிக்கைகளும் ரகசியமாக இருக்கவேண்டும் என்கிறது. பக்கத்தில் காலி இடம் விடாதே என்ற 1975ஆம் ஆண்டு விதியின் பேரப்பிள்ளையாகத்தான் இது எனக்குப் படுகிறது. இணையத்தைத் துண்டிக்கும் உத்தரவுகளை வெளியிட்டாகவேண்டும் என்று காஷ்மீர் வழக்கில் 2020 ஜனவரியில் உச்சநீதிமன்றம் சொன்னதே, அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு கேட்கவேண்டும். தடுப்பதாக இருந்தால், தடுத்தோம் என்று எழுதி ஒட்டு.

* * *

நூலகத்தில் கடைசி நாள், 1976 மார்ச் மாத வால்யூமைக் கேட்டு வாங்கினேன். மார்ச் 1 விடிகாலை, கோழிக்கோடு வட்டாரப் பொறியியல் கல்லூரி மாணவர் ராஜனைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. கக்கயம் முகாமில் உலக்கையால் உருட்டியதில் செத்துப்போனார். மார்ச் 2, 3, 4 என்று ஸ்கேலை விட்டு விட்டுத் திருப்பினேன். எதுவும் இல்லை. இருக்காது என்று தெரிந்துதான் திருப்பினேன்.

அப்பா ஈச்சர வாரியர் இந்தி ஆசிரியர். மந்திரி, அதிகாரி என்று மனுவோடு அலைந்தார். ஆட்கொணர்வு மனுப் போடும் வழியையும் 1976 ஏப்ரலில் உச்சநீதிமன்றம் அடைத்துவிட்டது. ஐந்து நீதிபதிகளில் எச்.ஆர். கன்னா ஒருவர்தான் மாறுபட்டார். நெருக்கடி நிலை 1977 மார்ச் 21 அன்று விலக்கப்பட்டது. வாரியர் நாலே நாளில், மார்ச் 25 அன்று கேரள உயர்நீதிமன்றத்தில் மனுவைக் கொடுத்தார். ஒரு மாதத்தில் முதலமைச்சர் கருணாகரன் பதவி விலகினார். மகனுடைய உடல் கிடைக்கவில்லை.

பையன் எந்த நேரத்திலும் பசியோடு வரலாம் என்று, ராத்திரியில் இலை போட்டு ஒரு ஆள் சோறு எடுத்துவைக்கும்படி மனைவியிடம் சொல்லியிருந்தார் வாரியர். கதவைத் தாழிடுவதில்லை.