பண்ணைப்புரத்துக் குரல்: பாடியது அண்ணனா, தம்பியா?

ஒரே வீட்டில் பிறந்து, ஒரே மேடையில் பாடி வளர்ந்த அண்ணன் தம்பிகளின் குரல்களைக் காதால் மட்டும் பிரித்தறிவது கடினம். தமிழில் இதற்கு முதலில் சொல்ல வேண்டிய எடுத்துக்காட்டு 'பாவலர் பிரதர்ஸ்' இசைக்குழு. இன்றைய தேனி மாவட்டத்துப் பண்ணைப்புரத்தில் மூத்தவர் பாவலர் வரதராஜன் தலைமையில் கிராமம் கிராமமாகப் பாடிய இக்குழு, பின்னர் சென்னையின் மெல்லிசை மேடைகளுக்கு வந்தது. நாட்டுப்புற மெட்டும் கிட்டாரும் ஒரே கையில் சேர்ந்த குழு இது. அதிலிருந்து திரைக்கு வந்த இளையராஜா, கங்கை அமரன் இருவரின் குரல்களும் இன்றுவரை ஒன்றுக்கொன்று மாற்றி அடையாளம் காணப்படுகின்றன.

தீபகற்ப மலேசியாவின் தென்கோடியான ஜொகூரில் இக்குழப்பத்துக்கு ஒரு நிலையான உதாரணம் உண்டு: 1986இல் வந்த 'நீதானா அந்தக் குயில்' படத்தின் 'பூஜைக்கேத்த பூவிது'. பாடியவர்கள் கங்கை அமரனும் சித்ராவும். ஆனால் குளுவாங்கிலோ சிகாமட்டிலோ அந்தக் காலத்தில் தோட்டத்தில் வளர்ந்தவர்களைக் கேட்டால், பலர் தயங்காமல் இளையராஜா என்பார்கள். இத்தவறு எங்கே தொடங்கியது என்பதே இத்தேடலின் பொருள். குரலில் ஒரு காரணம், கேட்ட கருவியில் ஒரு காரணம், பெயர் அச்சிடப்படாத அட்டையில் ஒரு காரணம் எனத் தேடல் மூன்று திசையில் போனது.

முதலில் குரல். மனிதக் குரலின் சுருதியைத் தீர்மானிப்பவை குரல்வளையிலுள்ள குரல் நாண்கள். ஆனால் ஒருவரை இன்னார் என்று காட்டுவது சுருதி அல்ல. நாண்களில் பிறந்த ஒலி தொண்டை, வாய், மூக்கு வழியாக வெளியேறும்போது, அந்தப் பாதையின் நீளமும் வடிவமும் சில அதிர்வெண்களைத் தூக்கிக் கொடுக்கின்றன, சிலவற்றை அமுக்குகின்றன. வயது வந்த ஆணுக்கு இந்தப் பாதை ஏறத்தாழ 17 செ.மீ. நீளம். தாடை, அண்ணம், மூக்கறை ஆகியவற்றின் அமைப்பு பெரும்பாலும் பரம்பரையாக வருவதால் உடன்பிறந்தவர்களின் குரல் நிறம் நெருங்கிவிடுகிறது. அதற்கு மேல் ஒரே ஊர்ப் பேச்சு. 'ழ'கரத்தை எவ்வளவு மடிக்க வேண்டும், சொல்லின் கடைசி உயிரை எங்கே விழுங்க வேண்டும் என்பதையெல்லாம் பிள்ளைகள் வீட்டில்தான் கற்கிறார்கள். பிறப்பும் பழக்கமும் சேர்ந்து செய்த ஒற்றுமை என்பதால்தான் அது இவ்வளவு கெட்டியாக இருக்கிறது.

பண்ணைப்புரத்துச் சகோதரர்களுக்கு மேடையும் பொதுவாக இருந்தது. 1943இல் பிறந்த ராசையா என்ற இளையராஜா 14 வயதில் அண்ணனின் குழுவில் சேர்ந்தார். கம்யூனிஸ்ட் கட்சிப் பிரச்சார மேடைகளில் ஒலிபெருக்கிக் குழாய் வழியாகத் திறந்த வெளிக் கூட்டத்தை எட்ட வேண்டிய பாட்டு அது. அப்படிப் பாடுகிறவர்கள் நெஞ்சுக் குரலை முன்னே தள்ளுவார்கள், மூக்கொலியைச் சற்றுக் கூட்டுவார்கள், நீண்ட கமகத்தைத் தவிர்த்துச் சொல்லைத் தெளிவாக எறிவார்கள். இளையராஜாவின் குரலில் இன்றும் கேட்கும் மூக்கொலியில் அந்த மேடையின் பங்கு பெரிது என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. 1947இல் பிறந்த அமர்சிங் என்ற கங்கை அமரனும் அதே மேடையைப் பார்த்து வளர்ந்தவர். ஆக இருவருக்கும் பாட்டுப் பள்ளிக்கூடமும் ஒன்றே.

வேறுபாடு அதற்குப் பிறகு வந்தது. சென்னையில் இளையராஜா தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசையையும், டி.வி. கோபாலகிருஷ்ணனிடம் கர்நாடக இசையையும் பயின்றார். 1976இல் 'அன்னக்கிளி' வழியாக இசையமைப்பாளரானார். கங்கை அமரன் பாடலாசிரியராக முன்னேறினார். எஸ். ஜானகிக்குத் தேசிய விருது பெற்றுத் தந்த 'செந்தூரப்பூவே' அவர் எழுதியது. பின்னர் இசையமைப்பு, 1982இல் 'கோழி கூவுது' முதல் இயக்கம் என்று போனார். ஒருவர் குரல் சுருதியிலும் தாளத்திலும் ஊறியது, மற்றவர் குரல் சொல்லில் ஊறியது. பிரித்தறியும் வழி இங்கேதான் கிடைக்கிறது.

'16 வயதினிலே' படத்தில் இளையராஜா பாடிய 'சோளம் வெதக்கையிலே', 'நாயகன்' படத்தில் பாடிய 'தென்பாண்டிச் சீமையிலே' ஆகியவற்றை எடுத்துக்கொண்டு, அவற்றின் அருகில் 'பூஜைக்கேத்த பூவிது' பாடலை வைத்துக் கேட்பது நல்ல பயிற்சி. வரியின் தொடக்கத்தை விட்டுவிட்டு முடிவை மட்டும் கேட்க வேண்டும். இளையராஜா கடைசி எழுத்தின் மேல் எடையை வைத்து நிற்கிறார். கீழ் சுரத்துக்கு இறங்கும்போது குரல் தடிக்கிறது, மூக்கொலி கூடுகிறது. கங்கை அமரன் வரியை முடித்ததும் இலேசாக விட்டுவிடுகிறார், குரல் மெலிந்து பேச்சுக்கு அருகில் போகிறது. மேல் சுரங்களில் அவர் குரலில் வெளிச்சமும் ஒரு குறும்பும் இருக்கின்றன. இளையராஜா அதே உயரத்துக்குப் போனால் உருக்கம் வந்துவிடும். பல்லவி மட்டும் கேட்டால் ஏமாறலாம். சரணத்தின் இறக்கங்களில் ஏமாற இடமில்லை.

'நாயகன்' பாடல் இன்னொரு வகையிலும் உதவும். அதே மெட்டைக் கமல்ஹாசன் பாடிய வடிவமும் படத்தில் உண்டு. மெட்டு மாறாமல் ஆள் மட்டும் மாறும்போது காது தானாகவே குரலுக்குத் திரும்புகிறது. வெவ்வேறு பாடல்களை ஒப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் மெட்டைத்தான் ஒப்பிடுகிறார்கள், அது தெரியாமலே.

உலக அரங்கில் இதே சிக்கலுக்குப் பேர்போனது 'த பேண்ட்' என்ற நாட்டுப்புற ராக் குழு. லெவான் ஹெல்ம், ரிக் டான்கோ, ரிச்சர்ட் மானுவல் என்ற மூவர் மாறி மாறிப் பாடினார்கள். 1968இல் வந்த அவர்களுடைய 'த வெயிட்' பாடலில் முதல் மூன்று சரணங்களை ஹெல்ம் பாட, நான்காவதை டான்கோ எடுத்துக்கொள்கிறார். பலர் அந்த மாற்றத்தைக் கவனிப்பதே இல்லை. கவனிப்பவர்களுக்கு உதவுவது உச்சரிப்பு. ஹெல்ம் அமெரிக்கத் தென்பகுதியான ஆர்கன்சாவைச் சேர்ந்தவர், மற்ற இருவரும் கனடாக்காரர்கள். பண்ணைப்புரத்துக் குரல்களுக்கு இந்த வசதி கிடையாது. ஊரும் ஒன்று, பேச்சும் ஒன்று.

   

அடுத்த திசை, கேட்ட கருவி. ஒன்று போன்ற குரல்களைப் பிரிக்க உதவும் நுண்ணிய அடையாளங்கள், அதாவது மூச்சின் சரசரப்பும் 'ச', 'ஸ' போன்ற உரசொலிகளின் கூர்மையும், பெரும்பாலும் 4,000 ஹெர்ட்ஸுக்கு மேலே இருக்கின்றன. பழைய மத்திய அலை வானொலி ஏறக்குறைய அந்த இடத்திலேயே ஒலியை வெட்டிவிடும். பழைய தொலைபேசியில் அண்ணன் பேசுகிறாரா தம்பி பேசுகிறாரா என்று தடுமாறியதும் இதனால்தான், அதன் எல்லை 3,400 ஹெர்ட்ஸ்.

கேசட்டில் சிக்கல் இன்னும் ஆழமானது. கேசட் நாடா ஒரு விநாடிக்கு 4.76 செ.மீ. ஓட வேண்டும். பழைய கருவிகளில் வேகம் தவறுவது சகஜம். ஆறு விழுக்காடு கூடினால் பாட்டு அரைச் சுரம் ஏறிவிடும். அதோடு தொண்டைப் பாதையின் அடையாள அதிர்வெண்களும் அதே அளவு ஏறுகின்றன, பாடுகிறவர் சற்றே சிறிய உடம்புக்காரர் போலத் தோன்றுவார். தடித்த குரல் மெலியும், மெலிந்த குரல் இன்னும் இளமையாகும். வேகம் குறைந்தாலோ தம்பியின் குரல் தடித்து அண்ணனுடையதாகிவிடும். ஒரு கேசட்டிலிருந்து இன்னொன்றுக்குப் பதிவு செய்து கைமாறிய தோட்டத்து வீடுகளில், ஒவ்வொரு படிக்கும் இந்தப் பிழை சேர்ந்துகொண்டே போகலாம். பழைய நாடா ஒன்றை ஆராய்பவர்கள் முதலில் அதன் சுருதியைக் குறுந்தட்டுப் பதிவோடு ஒப்பிட்டு வேகத்தைச் சரிசெய்துகொள்ள வேண்டும். அதற்குப் பிறகே குரலைப் பற்றிப் பேச இடமுண்டு.

இனி, பெயர். இளையராஜா பாடிய பாடல்கள் ஏராளம். கங்கை அமரன் பாடியவை குறைவு. எனவே பெயர் தெரியாத பாடலில் அந்த வீட்டுக் குரல் கேட்டதும் மனம் அண்ணனையே எடுத்துக்கொள்கிறது. இதைத் திருத்தக்கூடியவை இசைத்தட்டின் நடுவட்டத்து அச்சும், படத்தின் தலைப்பு எழுத்துகளும், வானொலி அறிவிப்பாளரின் குரலும்தான். படி எடுத்த கேசட்டில் தட்டின் அச்சு வராது. பலவற்றின் அட்டையில் படப் பெயர் மட்டும் இருக்கும், சிலவற்றில் பேனாவால் எழுதிய ஒரு சொல் மட்டும். இத்தேடலில் கைக்குக் கிடைத்த பழைய நாடாக்களில் பாடியவர் பெயர் இருந்தவை மிகச் சில. தவறின் பிறப்பிடம் என்று ஒன்றைக் காட்ட வேண்டுமானால், அந்த வெற்று அட்டையைத்தான் காட்ட முடியும். குரல் ஒற்றுமை குழப்பத்துக்கு வாய்ப்புத் தந்தது, நாடா அதைப் பெருக்கியது, பெயரின்மை அதை நிலைநிறுத்தியது.

பெயர் தவறுவது சிறிய விஷயமில்லை. பாவலர் பிரதர்ஸ் குழுவோடு தொடர்புடைய மலேசியா வாசுதேவனின் வரலாறு இதற்குச் சாட்சி. 1944இல் மலாயாவில் பிறந்து சென்னைக்குப் போய், பாவலர் பிரதர்ஸ் மேடைகளில் பாடி, வாய்ப்புக்குக் காத்திருந்தவர் அவர். எஸ்.பி. பாலசுப்ரமணியத்துக்குத் தொண்டை சரியில்லாமல் போனதால் '16 வயதினிலே' படத்தின் 'ஆட்டுக்குட்டி முட்டையிட்டு' அவருக்குக் கிடைத்தது என்பது பலமுறை சொல்லப்பட்ட செய்தி. 1985இல் 'முதல் மரியாதை' படத்தில் சிவாஜி கணேசனுக்கு அவர் பாடினார். சிவாஜி என்றாலே டி.எம். சௌந்தரராஜன் என்று பழகிய காதுகளில், பெயர் பார்க்காமல் டி.எம்.எஸ். என்றே எடுத்துக்கொண்டவர்கள் உண்டு. நம் நாட்டில் பிறந்த ஒரு பாடகரின் சிறந்த பாடல்களை நம் ஊரிலேயே இன்னொருவர் கணக்கில் எழுதுவது அநியாயம்.

ஜொகூரில் இன்று மின்னல் எஃப்.எம்., ராகா, சிங்கப்பூரிலிருந்து எட்டும் ஒலி 96.8 என்று வானொலிக்குக் குறைவில்லை. பழைய பாடலை ஒலிபரப்பும் அறிவிப்பாளர்கள் படப் பெயரோடு பாடியவர் பெயரையும் சொல்ல வேண்டும். வீட்டில் பழைய கேசட், இசைத்தட்டு வைத்திருப்பவர்கள் ஒவ்வொன்றின் அட்டையிலும் பாடியவர் பெயரைச் சரிபார்த்து எழுதி வைக்க வேண்டும். 'பூஜைக்கேத்த பூவிது' இருக்கும் அட்டையில் எழுத வேண்டியது கங்கை அமரன், சித்ரா.