ஆற்றில் எறிந்த கண்ணாடி

கண்ணாடிச் சாமான் என்றால் எல்லா வீட்டிலும் ஒரே சட்டம்தான். குழந்தைகளின் கைக்கு எட்டாத உயரத்தில், கதவு போட்ட அலமாரிக்குள் இருக்க வேண்டும். ஆனால், தன் குழுவோடு செய்த கண்ணாடியை ஒருவர் ஆற்றில் தூக்கி எறிந்தார். எதற்கு?

அவர் பெயர் டேல் சிஹூலி. 1941-ல் அமெரிக்காவின் டகோமா நகரில் பிறந்தவர். உருகிய கண்ணாடியை நீளமான இரும்புக் குழாயின் நுனியில் எடுத்து, வாயால் ஊதி உருவம் கொடுக்கும் கலைஞர். 1976-ல் இங்கிலாந்தில் ஒரு கார் விபத்து. இடது கண் பார்வை போனது. 1979-ல் பலகையில்லாமல் கடல் அலையில் சறுக்கி விளையாடியபோது தோள்பட்டை விலகியது. கனமான குழாயைப் பிடித்து வேலை செய்ய அதன் பிறகு முடியவில்லை.

குழாயைத்தான் விட்டார், கலையை விடவில்லை. மனதில் இருப்பதை வண்ணத்தில் வரைந்து காட்டுவார். குழுவில் இருப்பவர்கள் ஊதித் தருவார்கள்.

1995-ல் பின்லாந்தின் நூட்டாயார்வி கிராமத்தில் குழுவோடு வேலை செய்துகொண்டிருந்தார். தண்ணீரில் எப்படித் தெரியும் என்று பார்க்கத்தான் கண்ணாடி வடிவங்களை ஆற்றில் எறிந்தார். உள்ளே காற்று இருந்ததால் அவை மிதந்து போயின. உள்ளூர்ப் பிள்ளைகள் மரப் படகுகளில் வந்து, ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் படகில் அடுக்கினார்கள். படகு நிறைய வண்ணக் கண்ணாடி! அந்தக் காட்சியே அவருடைய புகழ்பெற்ற படகுப் படைப்புகளுக்கு வழிகாட்டியது.

லண்டன் கியூ தோட்டத்தில் 2005-லும், நியூயார்க் தாவரவியல் தோட்டத்தில் 2006-லும் அவருடைய கண்ணாடி, மரம் செடிகளுக்கு நடுவே நின்றது. மழை கண்ணாடியை ஒன்றும் செய்யாது. மேலே படிந்த தூசியைக் கழுவிவிட்டுப் போகும். பயம் காற்றுக்கும் ஆலங்கட்டிக்கும் முறிந்து விழும் கிளைக்கும்தான். அதனால் உயரமான வடிவங்களை எஃகுச் சட்டத்தில் பொருத்தி நிறுத்துகிறார்கள். அறைக்குள் விளக்கு போட்டால் கண்ணாடிக்கு ஒரே முகம். வெளியிலோ, காலை வெயிலில் ஒரு முகம், மேகம் மூடினால் இன்னொன்று, மழை ஈரத்தில் வேறொன்று.

அந்த ஆற்றில் மிதந்த கண்ணாடியை ஊதியதும் வேறு கைகள். பொறுக்கி அடுக்கியதும் வேறு கைகள். எல்லாவற்றையும் தன் கையாலேயே செய்ய முடிந்திருந்தால், அந்தப் படகுகள் அவர் கண்ணில் பட்டிருக்குமோ என்னவோ!