எந்த இன்ஜின் எடுக்கலாம்?
(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. இயற்பியல் மாணவன்)

"தம்பி, நம்ம வீட்டுல நீ ஒருத்தன்தான் காலேஜ் படிக்கிறவன். எந்த வண்டி எடுக்கலாம்னு நீதான் சொல்லணும்."

சென்ற ஆனி மாதத்தில் ஓர் இரவு, சாப்பாட்டுத் தட்டின் முன் அமர்ந்தபடி அப்பா இப்படிக் கேட்டபோது எனக்குப் பெருமை தாங்கவில்லை. இருபத்திரண்டு ஆண்டுகள் பிறர் வண்டியை ஓட்டியவர் அவர். சிவகாசி அச்சகங்களிலிருந்து காலண்டர், நோட்டுப் புத்தகக் கட்டுகளை ஏற்றி ஊர் ஊராகக் கொண்டு சேர்ப்பது அவர் வேலை. இப்போது சொந்தமாக ஒரு பிக்கப் வண்டி வாங்க வேண்டும் என்பது அவர் கனவு. அதற்கு முன்பணம், தீப்பெட்டி ஆபீஸில் வேலை செய்து அம்மா சேர்த்த நான்கு பவுன் சங்கிலி!

நான் யோசிக்கவே இல்லை. "டர்போ டீசல் எல்லாம் பழசாப் போச்சுப்பா. இனிமேல் ஹைபிரிட்தான். ரெண்டு வருஷம் பொறுங்க" என்றேன்.

ஹைபிரிட் என்பது கலப்பு வண்டி. இன்ஜினும் இருக்கும், மின் மோட்டாரும் பாட்டரியும் இருக்கும். பிரேக் பிடிக்கும்போது வீணாகும் ஆற்றலில் ஒரு பகுதியை மின்சாரமாக்கிச் சேர்த்து வைத்துக்கொண்டு, மீண்டும் கிளம்பும்போது செலவிடும். 1997-இல் ஜப்பானில் வந்த டொயோட்டா பிரியஸ் கார் இதனை உலகறியச் செய்தது. அமெரிக்காவில் போர்டு நிறுவனம் தன் எப்-150 பிக்கப்பிலும் 2021-இல் இதனைக் கொண்டு வந்தது. இதையெல்லாம் அப்பாவிடம் மூச்சு விடாமல் சொன்னேன்.

மறுநாள் இருவரும் விருதுநகரில் ஒரு வண்டிக் கடைக்குச் சென்றோம். அங்கிருந்தவர், "இந்த அளவு லோடு வண்டியில அது நம்மகிட்ட இல்ல தம்பி" என்று சொல்லிவிட்டார். அப்பா ஒன்றும் பேசவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில்தான் கேட்டார்: "ஆடிப் பெருக்குக்கு காலண்டர் ஆல்பம் வந்துரும். அதுக்கப்புறம் மார்கழி வரைக்கும் லோடு ஓயாது. ரெண்டு வருஷம் பொறுத்தா ரெண்டு சீசன் போயிரும். அந்த அளவுக்கு அதுல என்ன மிச்சமாகும்?"

என்னிடம் விடை இல்லை. படித்தவன் என்ற பெயரில், எண்ணிப் பாராமலே ஆருடம் சொல்லியிருக்கிறேன்!

அந்த வாரம் இரண்டு நாள் அப்பாவுடன் வண்டியில் சென்றேன். கையில் ஒரு நோட்டு. வண்டி நின்று கிளம்பும்போதெல்லாம் ஒரு கோடு போட்டேன். முதல் நாள் சிவகாசி நகருக்குள் அச்சகம் அச்சகமாகச் சுற்றினோம். 12 கிலோமீட்டர் தூரத்தில் 40 கோடுகள். செலவு ஒரு லிட்டர் டீசல். மறுநாள் சாத்தூர், கோவில்பட்டி, எட்டயபுரம் வழியாகத் தூத்துக்குடி. சுமார் 100 கிலோமீட்டருக்கு ஏழே கோடுகள். ஏழு லிட்டர் டீசல்.

இரவு கணக்குப் போட்டேன். இயக்க ஆற்றல் என்பது நிறையில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கி வருவது என்பதை நாம் அனைவரும் அறிவோம். லோடுடன் வண்டி 2,500 கிலோ. நகருக்குள் மணிக்கு 27 கி.மீ. வேகத்தில் அதன் ஆற்றல் சுமார் 70,000 ஜூல். நெடுஞ்சாலையில் 54 கி.மீ. வேகத்தில் அதைப்போல் நான்கு மடங்கு, 2,80,000 ஜூல். ஒவ்வொரு முறை நிற்கும்போதும் இதில் பாதியை ஹைபிரிட் மீட்பதாக வைத்துக்கொண்டேன். ஒரு லிட்டர் டீசலில் சக்கரத்துக்குப் போய்ச் சேர்வது ஏறக்குறைய ஒரு கோடி ஜூல் என்றும் கொண்டேன். நகருக்குள் ஒரு லிட்டருக்கு 140 மில்லி மிச்சம். தூத்துக்குடிப் பாதையிலோ ஏழு லிட்டருக்கு வெறும் 100 மில்லி! அப்பாவுக்கு வாரத்தில் நான்கு நாள் தூத்துக்குடி லோடுதான்.

இன்னொன்றும் புரிந்தது. டர்போவும் வீணாவதை மீட்கும் கருவிதான். இன்ஜினிலிருந்து வெளியேறும் சூடான புகை ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே அச்சில் உள்ள மற்றொரு சக்கரம் காற்றை அழுத்தி உள்ளே தள்ளுகிறது. காற்று மிகுந்தால் அதிக டீசலை எரிக்கலாம். சிறிய இன்ஜினும் பெரிய சுமையை இழுக்கும். சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்பிரட் பூஹி 1905-இலேயே இதற்குக் காப்புரிமை பெற்றார். பிரேக்கில் போவதை மீட்பது ஹைபிரிட். புகையில் போவதை மீட்பது டர்போ. இரண்டும் பகைவர்கள் அல்ல. நான் பெருமையாகச் சொன்ன அந்த எப்-150 ஹைபிரிட்டின் இன்ஜினிலேயே டர்போவும் இருக்கிறது! ஓயாமல் நின்று கிளம்பும் வண்டிக்கு முதலாவது உதவும். நிற்காமல் சுமை இழுக்கும் வண்டிக்கு இரண்டாவது உதவும்.

நோட்டைக் காட்டி, "நான் சொன்னது தப்புப்பா. டர்போ டீசலே எடுங்க" என்றேன். நான் படித்திருந்ததை நினைத்து, "ஆனா ஓடி வந்ததும் உடனே ஆப் பண்ணக் கூடாது. டர்போ சூடாயிருக்கும். ஆயில் ஓடி ஆறணும்" என்று ஒரு புத்திமதியும் சேர்த்தேன்.

அப்பா சிரித்தார். "ஓடி வந்த மாட்டை அப்படியே கட்டுவாங்களா? ஒரு நிமிஷம் மூச்சு வாங்க விட்டுத்தான் அணைப்பேன். மொதலாளி வண்டியிலயும் அப்படித்தான்."

ஆடிப் பெருக்குக்கு நான்கு நாள் முன்னால் வண்டி வீட்டு வாசலில் வந்து நின்றது. அம்மா எலுமிச்சம்பழம் வைத்துச் சூடம் காட்டினாள். அவள் கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டுமே இருந்தது. மாதத் தவணை கட்டி முடிய நான்கு ஆண்டுகள் ஆகும்.

நண்பர்களே! நம்மில் பலர் வீட்டின் முதல் பட்டதாரிகளாகப் போகிறவர்கள். நாம் சொல்வதை வீட்டில் அப்படியே நம்புகிறார்கள். சங்கிலியையும் கழற்றிக் கொடுக்கிறார்கள். எனவே புதியது என்பதற்காக ஒன்றைச் சொல்லாமல், கணக்கிட்டுச் சொல்வோம். அந்தக் கணக்குக்கு வேண்டிய எண்கள் நம் பெற்றோரின் அன்றாட வேலையில்தான் இருக்கின்றன. வகுப்பறையில் நான் சூத்திரத்தைக் கற்றேன். அதில் இட வேண்டிய எண்களைத் தந்தவர் என் அப்பா.

அந்த நோட்டை இன்னும் வைத்திருக்கிறேன். நாளை அப்பாவுக்கு நகருக்குள்ளேயே லோடு மிகுந்தால் கோடுகளும் மிகும். அன்று மீண்டும் கணக்குப் போடுவேன்.