பஸ்ஸுக்குள்ளே ஒரு குடித்தனம்

குடித்தனம் நடத்த எவ்வளவு இடம் வேண்டும்? என்னைக் கேட்டால், 7½ அடி அகலமும் 28 அடி நீளமும் தாராளம் என்பேன். அதற்குள் சமையல் மேடை, படுக்கை, குளியலறை எல்லாம் அடக்கம். போதாததற்கு அடியிலே சக்கரமும் உண்டு!

நாங்கள் அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்தில் இருக்கிறோம். ஏழு வயதில் ஒரு பெண், இரண்டரை வயதில் ஒரு பிள்ளை. இங்கே பள்ளிக்கூடப் பஸ்களெல்லாம் ஒரே மஞ்சள். விடிகாலை மங்கலிலும் பளிச்சென்று தெரியவேண்டும் என்று 1939-ல் நியூயார்க்கில் ஒரு மாநாடு கூடி முடிவு செய்த நிறம் அது. பத்துப் பதினைந்து வருஷம் ஓடிய பஸ்களை ஏலத்தில் விற்றுவிடுவார்கள். வாங்கி, வீடாக மாற்றி ஊர் சுற்றுவோர் நிறையப் பேர். அந்த வண்டிக்கு 'ஸ்கூலி' என்று செல்லப் பெயர்.

என் கணவருக்கும் அந்த ஆசை வந்துவிட்டது. "லீவுக்கு லீவு ஹோட்டலுக்குக் கொடுக்கிற காசு மிச்சம். குழந்தைங்களுக்கும் போற இடமெல்லாம் வீட்டுச் சாப்பாடு" என்றார். வீட்டுச் சாப்பாடு என்றதும் நானும் தலையாட்டிவிட்டேன்.

வாங்கியது 72 குழந்தைகள் உட்காரும் பஸ். 24 இருக்கைகளையும் கழற்ற இரண்டு சனிக்கிழமைகள் ஆயின. துருப்பிடித்த போல்ட்டை நான் உள்ளேயிருந்து திருக, அவர் பஸ்ஸுக்கு அடியில் படுத்து நட்டைப் பிடித்துக்கொள்வார். தரையின் ரப்பர் விரிப்பையும் அடியிலிருந்த பிளைவுட்டையும் பெயர்த்தால், அப்பப்பா, ஒரே துரு! கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, துருவைக் கட்டுப்படுத்தும் மருந்து பூசி, ஓட்டைகளை அடைத்து, பெயிண்ட் அடித்தோம். "எப்படியும் மேலே மூடத்தானே போறீங்க?" என்றார் வேடிக்கை பார்க்க வந்த நண்பர். மூடப்போவதால்தானே இப்போதே செய்ய வேண்டும்? அப்புறம் யார் பார்க்கப்போகிறார்கள்!

அடுத்து வந்ததுதான் எங்களுக்குள் பெரிய வாக்குவாதம். அவர் போட்டிருந்த படத்தில் டிரைவருக்குப் பின்னால், ஜன்னலோரமாக, நீளவாக்கில் ஒரு சோபா. எதிரே ஒரு மேஜை.

"வண்டி ஓடும்போது குழந்தைங்க எங்கே உட்காருவாங்க?" என்று கேட்டேன்.

"சோபாலதான். படம் வரைஞ்சுக்கிட்டே வரலாமே."

"பெல்ட்டு?"

"மெதுவாத்தானே ஓட்டப்போறேன்."

"நீங்க மெதுவாப் போவீங்க. எதிர்ல வர்றவன்?"

இந்தப் பெரிய பஸ்களில் பெரும்பாலும் குழந்தைகளுக்குச் சீட் பெல்ட் கிடையாது. அதற்குக் காரணம் உண்டு. உயரமான மெத்தை முதுகுடன் இருக்கைகளை நெருக்கி நெருக்கி வைத்திருப்பார்கள். பஸ் மோதினால், முன்னால் இருக்கும் மெத்தை முதுகு குழந்தையைத் தாங்கிக்கொள்ளும். அட்டையில் அடுக்கிய முட்டைகள் மாதிரி. அப்படியானால், 24 இருக்கைகளையும் கழற்றிப் போட்ட அன்றே அந்தப் பாதுகாப்பும் கூடவே போய்விட்டது, இல்லையா?

இதைச் சொன்னேன். இரண்டு நாள் வீட்டில் பேச்சு குறைவாகத்தான் இருந்தது. மூன்றாம் நாள் அவரே சாக்பீஸை எடுத்துக்கொண்டு வந்து பஸ் தரையில் கோடு போட்டார். அவர் சோபாவை விட்டுக்கொடுத்தார். நான் துணி அலமாரியை விட்டுக்கொடுத்தேன். அந்த இடத்தில், முன்பக்கம் பார்த்தபடி, இடுப்புக்கும் தோளுக்கும் பெல்ட் உள்ள இரண்டு பஸ் இருக்கைகள் வந்தன. அவற்றைத் தரைப் பலகையோடு நிறுத்தாமல், பஸ்ஸின் இரும்புச் சட்டத்தோடு சேர்த்து ஒரு வொர்க்ஷாப்பில் முடுக்கித் தந்தார்கள். சின்னவனின் குழந்தை சீட்டும் அதில் பொருந்திவிட்டது.

சமையல் மேடை என் பொறுப்பு. கூரையில் சோலார் பலகைகள், உள்ளே பேட்டரி. பேட்டரியில் சேர்வது சுமார் 2½ யூனிட் மின்சாரம். "கிரைண்டரெல்லாம் தாங்காது" என்றார். நான் கணக்குப் போட்டேன். 150 வாட் கிரைண்டர் அரை மணி ஓடினால் செலவு 0.075 யூனிட். 1,800 வாட் இண்டக்ஷன் அடுப்பை அதே அரை மணி முழு வேகத்தில் வைத்தால் 0.9 யூனிட்! ஆக, கிரைண்டர் உள்ளே வந்தது. இண்டக்ஷன் வெளியே போய், இரண்டு பர்னர் கேஸ் அடுப்பு வந்தது. 150 லிட்டர் தண்ணீர் என்றால் 150 கிலோ. அதனால் தொட்டியை முன் பின் சக்கரங்களுக்கு நடுவே, தாழ்வாக வைத்தோம்.

கேஸ் வந்தால் கவனமும் வரவேண்டும். நாலு பக்கமும் அடைத்த சின்ன இடத்தில் அடுப்பு சரியாக எரியாவிட்டால் கார்பன் மோனாக்ஸைடு உண்டாகும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலைவலி, தலைசுற்றல், குமட்டல் என்று சாதாரண ஃப்ளூ மாதிரியே காட்டும். வீட்டில் எல்லோருக்கும் ஒரே சமயத்தில் தலை வலித்து, வெளியே போனதும் சரியானால் உடனே சந்தேகப்பட வேண்டும். தூங்குகிறவர்களுக்கு ஒன்றுமே தெரியாமல் உயிருக்கே ஆபத்தாகிவிடும். படுக்கை அருகே அதற்கான அலாரம் வைத்திருக்கிறோம். சமையல் வாயு காற்றைவிடக் கனமானது, கீழே தேங்கும். ஆகவே அந்த அலாரம் தரையோரம். சமைக்கும்போது கூரை விசிறி கட்டாயம். குளிருக்காக அடுப்பை ஏற்றிவைப்பது கூடவே கூடாது. பின்பக்கத்து அவசரக் கதவைக் கட்டிலால் அடைக்கவும் நான் விடவில்லை.

மத்திய அரசு விதிப்படி, சமையல், குளிர்பெட்டி, கழிப்பறை, வெப்ப அல்லது குளிர் சாதனம், குழாயும் சிங்க்கும் உள்ள குடிநீர் வசதி, தனி மின்சாரம் அல்லது கேஸ் ஆகிய ஆறில் நான்காவது இருந்தால்தான் அது 'மோட்டார் ஹோம்'. மஞ்சள் நிறத்தையும் மாற்றினோம். பெண் கேட்டபடி இப்போது மயில் நீலம்.

போன அக்டோபரில் மிச்சிகன் மாநிலத்து ஏரிக்கரைக்குக் கிளம்பினோம். சாயங்கால வேளை. திடீரென்று ஒரு மான் சாலையின் குறுக்கே பாய்ந்தது. அவர் பிரேக்கை ஓங்கி அழுத்தினார். மேடை மேலிருந்த எவர்சில்வர் டம்ளர் பறந்துபோய் டிரைவர் சீட்டின் பின்புறத்தில் 'ணங்'கென்று மோதி விழுந்தது. குழந்தைகள் இருவரும் பெல்ட்டுக்குள் அசையாமல் இருந்தார்கள். "அம்மா, மான்!" என்று கை தட்டினான் சின்னவன்.

அவர் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, கீழே கிடந்த டம்ளரை எடுத்துப் பார்த்தார். விளிம்பு நசுங்கியிருந்தது. "நீ சொன்னது சரிதான்" என்று மட்டும் சொன்னார்.

பஸ்ஸாவது, காராவது, நாலு நாள் யாத்திரை வேனாவது, குழந்தைகளோடு கிளம்புகிற சகோதரிகள் மற்ற ஏற்பாடுகளைப் பார்ப்பதற்கு முன்னால், "ஓடும்போது குழந்தை எங்கே உட்காரும்?" என்று ஒரு தடவை கேட்டுவிடுங்கள். இடம் சரியில்லை என்றால், தயங்காமல் மாற்றச் சொல்லுங்கள்.