லீ அம்மாவின் ஊரில்
(பத்தாம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு)

என் தந்தையார் பணி நிமித்தமாக டோக்கியோவில் இருக்கிறார். சென்ற மே மாத விடுமுறையில் அம்மாவும் நானும் அங்குச் சென்றிருந்தபோது, எங்களைக் குசாட்சு என்னும் மலையூருக்கு அழைத்துச் சென்றார். சுமார் 1200 மீட்டர் உயரத்திலுள்ள அவ்வூர், வெந்நீர் ஊற்றுகளுக்குப் பல நூற்றாண்டுகளாகப் பெயர் பெற்றது. பேருந்தை விட்டு இறங்கியதுமே கந்தக நெடி மூக்கைத் துளைத்தது. “அழுகிய முட்டை!” என்று நான் கூற, அப்பா முறைத்தார்.

ஊரின் நடுவே ‘யுபதாகே’ இருக்கிறது. ‘வெந்நீர் வயல்’ என்று பொருளாம். பூமியிலிருந்து கொதித்து வரும் நீர் நீண்ட மரத் தொட்டிகளில் ஓடிச் சூடு தணிகிறது. பச்சைத் தண்ணீரைக் கலந்தால் மருந்துக் குணம் குறையும் என்று, பெண்கள் பாட்டுப் பாடிக்கொண்டே நீண்ட பலகைகளால் வெந்நீரைத் துழாவி ஆற்றுகிறார்கள். அம்மா பால் ஆற்றுவதுதான் எனக்கு நினைவு வந்தது.

யுபதாகே அருகில், வருவோர் போவோர் எல்லாரும் வரிசையாக அமர்ந்து கால்களை நனைத்துக்கொள்ள ஒரு தொட்டி உண்டு. கட்டணமில்லை. நான் ஓடிப்போய் உட்கார்ந்தேன். அம்மா வரவில்லை. “எனக்கு வேண்டாம், நீ உட்கார்” என்று தள்ளியே நின்றார்கள்.

காரணம் எனக்குத் தெரியும். (அம்மாவின் அனுமதி பெற்றே இதை எழுதுகிறேன்.) அம்மாவின் கைகளிலும் பாதங்களிலும் வெண்புள்ளிகள் உண்டு. அது தொற்றாது, தொழுநோய்க்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஆயினும் ‘வெண்குஷ்டம்’ என்ற பழைய பெயரை இன்னும் பலர் விடவில்லை. இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்யாணப் பந்தியில், அம்மா பக்கத்தில் அமர்ந்ததும் ஒருவர் தம் இலையோடு எழுந்து வேறு வரிசைக்குப் போய்விட்டார். அன்று முதல் அம்மாவுக்கு முழுக்கை ரவிக்கைதான், காலுறைதான்.

மறுநாள் காலை ஒரு சிறு நினைவில்லத்துக்குப் போனோம். குசாட்சு நீர் குணமாக்கும் என்று நம்பி, அக்காலத்தில் தொழுநோயாளிகள் நடந்தே வந்தார்களாம். 1887-இல் அவர்களை ஊரின் ஓரத்தில் யுனோசாவா என்ற பகுதிக்கு ஒதுக்கிவிட்டனர். மேரி கார்ன்வால் லீ என்ற ஆங்கிலேயப் பெண்மணி 1916-இல், தம் ஐம்பத்தெட்டு ஐம்பத்தொன்பது வயதில், அங்கே குடியேறினார். மருத்துவமனையும் குழந்தைகள் இல்லமும் பள்ளியும் அமைத்தார். அவர் ஆங்கிலிக்கன் சபையினர். ஆனால் எனக்கு நம் கன்னியரின் நினைவே வந்தது. நோயாளிகள் அவரை ‘லீ அம்மா’ என்றே அழைத்தனர். 1941-இல் அவர் இறந்தார். நோயாளிகளைப் பிரித்து வைத்த சட்டமோ 1996-இல்தான் நீக்கப்பட்டதாம்! அம்மா அவருடைய படத்தின் முன் நெடுநேரம் நின்றார்கள்.

அன்று மாலை மீண்டும் கால் தொட்டிக்குப் போனோம். கூட்டம் மிகுதி. நான் மட்டும் எப்படியோ நுழைந்து அமர்ந்தேன். திரும்பிப் பார்த்தால், அம்மா குனிந்து காலுறையைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள்! என் நெஞ்சு படபடத்தது. என் பக்கத்தில் ஒரு ஜப்பானியப் பாட்டி இருந்தார். அவர் அம்மாவின் பாதங்களைப் பார்த்தார். பார்க்காமல் இல்லை. பிறகு தம் பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, நகர்ந்து இடம் விட்டு, பலகையைக் கையால் தட்டிக் காட்டினார்.

அம்மா உட்கார்ந்தார்கள். “அம்மாடி, என்ன சூடு!” என்றார்கள் தமிழில். பாட்டிக்கு என்ன புரிந்ததோ, வாய்விட்டுச் சிரித்தார்.