சேம அச்சு

‘ஸ்டெப்னி’க்குத் தமிழ் என்ன என்று ஆண்டுக்கு ஒரு மாணவராவது என்னிடம் கேட்பதுண்டு. ‘மாற்றுச் சக்கரம்’ என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடலாம்தான். ஆனால் ஸ்டெப்னி என்பது ஒரு தெருவின் பெயர். வேல்ஸ் நாட்டு லனெல்லி ஊரில், அந்தப் பெயருள்ள தெருவில், 1904 வாக்கில் ஒருவர் உதிரிச் சக்கரம் செய்து விற்கத் தொடங்கினார். அக்காலக் கார்களோடு உதிரிச் சக்கரம் வருவதில்லை. சரக்கு கடல் கடந்தபோது தெருப்பெயரும் கூடவே வந்தது. பிறந்த மண்ணில் வழக்கொழிந்துவிட்ட அந்தச் சொல், நம்மூர்ப் பஞ்சர் கடைகளில் உயிரோடு இருக்கிறது.

நமக்கு நாமே ஒரு சொல்லை வைத்திருந்தோம். புறநானூற்றின் 102ஆம் பாட்டில் உப்பு வணிகரின் வண்டி ஒன்று வருகிறது. எருதுகள் இளையவை, நுகம் பழகாதவை. ஏற்றிய பண்டமோ மிகுதி. வழியில் எத்தனை மேடு, எத்தனை பள்ளம் என்று யாருக்குத் தெரியும்? ஆகையால் வண்டியின் அடியில் இன்னோர் அச்சையும் கட்டிக்கொண்டு புறப்படுகிறார்கள். அதன் பெயர் சேம அச்சு. அதியமானின் மகன் பொகுட்டெழினியை ஔவையார் அந்த அச்சுக்கு ஒப்பிடுகிறார். இந்த உவமையைப் பல ஆண்டுகளாக வகுப்பில் நடத்தி வருகிறேன். அதன் கனத்தை எனக்கு விளங்கவைத்தது எங்கள் வீட்டுக் கார்.

அப்பா தலைமையாசிரியராக ஓய்வு பெற்றது 2003இல். ஓய்வூதியப் பலன்களில் ஒரு பகுதியைக் கொண்டு மறு ஆண்டு ஒரு வெள்ளை மாருதி 800 வாங்கினார். அதே ஆண்டில்தான், ஐம்பத்தொன்பது வயதில், கார் ஓட்டவும் கற்றுக்கொண்டார். 1983 டிசம்பரில் முதல் வண்டி விற்பனைக்கு வந்தது முதல் 2014 ஜனவரியில் உற்பத்தி நிற்கும் வரை, கார் என்பதே பணக்காரர் வீட்டுச் சமாச்சாரம் என்றிருந்த நினைப்பை மாற்றிய வண்டி அது. 796 சி.சி. எஞ்சின், மூன்று சிலிண்டர், ஏறத்தாழ 650 கிலோ எடை. பாளையங்கோட்டைச் சந்துகளுக்கென்றே அளவெடுத்துச் செய்ததுபோல் இருக்கும். அம்மா அதைக் கார் என்று ஒருநாளும் சொன்னதில்லை. ‘பிள்ளை’ என்பாள். “பிள்ளையை வெயில்ல நிறுத்தாதீக” என்று அப்பாவைக் கடிவாள்.

பிள்ளை வளர்ப்பது எளிதன்று. எண்ணெய் மாற்ற வேண்டும். பேட்டரிக்கு வடிநீர் விட வேண்டும். ரேடியேட்டரில் நீர்மட்டம் பார்க்க வேண்டும். வாசல் வேப்பமரத்துச் சருகுகள் முன்கண்ணாடிக்குக் கீழுள்ள இடுக்கில் சேர்ந்துகொள்ளும். அவற்றைத் தள்ளிவிடாவிட்டால் மழைநீர் வடிய வழியின்றிக் கால்மாட்டில் ஒழுகும். நான்கு நாள் எடுக்காமல் போட்டுவைத்தால் எலி குடிவந்து ஒயரைக் கடித்துவிடும். இதற்கு அப்பா கண்ட மருந்து, துணியில் முடிந்த புகையிலை. வெற்றிலை போடும் பழக்கமே இல்லாத தலைமையாசிரியர் மாதந்தோறும் புகையிலை வாங்குவதைக் கடைக்காரர் என்னவென்று எண்ணினாரோ, தெரியாது. இவை எல்லாவற்றையும் அவர் ஒரு நாற்பது பக்க நோட்டில் தேதியிட்டு எழுதிவந்தார். வருகைப் பதிவேடு எழுதிய அதே கையெழுத்து. அந்த நோட்டுகள் இப்போது ஆறு இருக்கின்றன.

விபத்துகளும் அந்த நோட்டில் உண்டு. 2008இல், குற்றாலச் சீசன். நால்வர் வசதியாக உட்காரக்கூடிய வண்டியில் நாங்கள் ஏழு பேர். திரும்பும்போது அத்தை ஆசைப்பட்டு வாங்கிய பலாப்பழங்கள் இரண்டு. ஊருக்குள் நுழையும் இடத்திலிருந்த வேகத்தடையில் அடிப்பாகம் உரசிச் சைலன்சர் கழன்று தொங்கியது. மயில் இறகேயானாலும் அளவு மிஞ்சி ஏற்றினால் அச்சு முறியும் என்பது 475ஆம் குறள். “வள்ளுவர் இறகுக்கே பயந்தாரு, நீ பலாப்பழம் ஏத்துத” என்று அப்பா தம் தங்கையிடம் சொன்னார். மீதி வழியெல்லாம் வண்டி டிராக்டர்போல் முழங்கிக்கொண்டு வந்தது. மறு ஆண்டு, வண்ணாரப்பேட்டையில் பின்னால் எடுத்த ஓர் ஆட்டோ எங்கள் முன்பம்பரை நசுக்கியது. ஓட்டிவந்தவர் இறங்கிவந்து பார்த்துவிட்டு, “சார்வாள், நான் உங்ககிட்ட எட்டாப்பு படிச்சவன்” என்றார். வழக்கு தேநீரோடு முடிந்தது. அப்பா ஹார்ன் அடித்திருக்கலாமே என்று அம்மா கேட்டாள். அவர் ஹார்ன் அடிப்பது அரிது. அகநானூற்றின் நான்காம் பாட்டில், பூந்தாது உண்ணும் வண்டினங்கள் கலைந்துவிடக் கூடாதென்று தேர்மணியின் நாக்கைக் கட்டிக்கொண்டு வருகிறானே ஒரு தலைவன், அவன் பரம்பரை என்று நான் வீட்டில் சொல்லிச் சிரிப்பேன்.

சிறு நசுங்கல்களுக்கு அவர் காப்பீட்டில் பணம் கேட்டதே இல்லை. இழப்பீடு கோராத ஆண்டுகளுக்குச் சொந்தச் சேதக் காப்பீட்டுத் தவணையில் முதலில் 20 விழுக்காடும், தொடர்ந்து ஐந்து ஆண்டு கோராவிட்டால் 50 விழுக்காடும் தள்ளுபடி உண்டு. ஐந்நூறு ரூபாய் டிங்கரிங்குக்காக அதை இழப்பது அவர் கணக்கில் மடமை. ஆகவே தட்டி எடுத்து, பட்டி பார்த்து, பெயிண்ட் அடித்துவிடுவார். வெள்ளையில் எத்தனை வெள்ளை உண்டு என்பதை எங்கள் வண்டியைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.

2023 டிசம்பர் 17ஆம் நாள் தொடங்கிப் பெய்த மழையைத் தென்மாவட்டத்தார் மறக்கமாட்டார்கள். தாமிரபரணி ஊருக்குள் வந்தது. எங்கள் தெருவில் நீர் வடிந்தபோது வண்டியின் இருக்கைவரை சேறு. பக்கத்து வீட்டுக்காரர் தம் வண்டியை ஓடுகிறதா என்று பார்க்கச் சாவியைத் திருகினார். ஒரு முறை உறுமியது, பிறகு அசையவில்லை. அப்பா எங்கள் வண்டியின் சாவியை அம்மாவிடம் கொடுத்து மடியில் முடிந்துகொள்ளச் சொல்லிவிட்டார். நனைந்த வண்டிக்குச் செய்யக்கூடிய முதல் உதவி, சாவியைத் தொடாதிருப்பதே. காற்று அழுந்துவதுபோல் நீர் அழுந்தாது. சிலிண்டருக்குள் நீர் புகுந்திருக்கையில் எஞ்சினைச் சுழற்றினால், மேலே வரும் பிஸ்டன் நீரில் முட்டி, அதைத் தாங்கும் இணைப்புத் தண்டு வளைந்துவிடும். கயிறு கட்டி ஒர்க் ஷாப்புக்கு இழுத்துப் போனோம். மெக்கானிக் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி நீரை வெளியேற்றி, எண்ணெய் முழுவதையும் வடித்து மாற்றினார். பத்தாம் நாள் வண்டி ஓடியது. எழுபத்தெட்டு வயதில் அப்பாவுக்கு அது ஒரு வெற்றி. தெருவில் பலர் வந்து அவரிடம் யோசனை கேட்டுப் போனார்கள்.

அந்த மெக்கானிக்தான் 2024 தொடக்கத்தில் என்னைத் தனியே கூப்பிட்டார். பதிவுப் புதுப்பிப்புக்காக வண்டியைச் சீராக்கக் கொடுத்திருந்தோம். தனியார் வண்டிக்கு முதற்பதிவு 15 ஆண்டு, அதன்பின் ஐந்தைந்து ஆண்டாக நீட்டிக்க வேண்டும். 2019இல் 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ரூபாய் ஆகியிருந்தது. பசுமை வரி தனி. பழைய இரும்புக்குப் போட்டுவிடச் சொல்லப்போகிறார் என்றே நினைத்தேன். அவர் வண்டியின் இடப்பக்கத்தில் குந்தி உட்கார்ந்து விரலால் தடவிக் காட்டினார்.

“டீச்சர், இது மூணு வருசத்துல விழுந்தது. கேட்டு, சுவரு, போஸ்ட் மரம். எல்லாம் இடது பக்கமே. வலது பக்கம் ஒரு கீறல் கிடையாது. வண்டில கோளாறு இல்ல. சார்வாளுக்குக் கண்ணக் காட்டுங்க.” சற்று நிறுத்திவிட்டு, “இது வரைக்கும் சுவரோட போச்சு” என்றார்.

திருவாரூர்த் தேர்க்காலில் அகப்பட்ட கன்றின் கதை தமிழறிந்த எல்லார்க்கும் தெரியும். இளவரசன் வேண்டுமென்று செய்ததன்று. எனினும் கன்று மடிந்தது. எங்கள் தெரு முனையில் ஒரு மழலையர் பள்ளி இருக்கிறது. அன்று மாலை அதைக் கடந்து வீட்டுக்கு நடந்து வந்தேன்.

அப்பா கண்ணாடி போட்டுக்கொண்டு செய்தித்தாளின் வரி விளம்பரம்வரை வாசிப்பவர். தமக்குப் பார்வைக் குறை உண்டென்று அவரால் நம்ப இயலவில்லை. அம்மாவுக்கும் எனக்கும் கண்ணைச் சோதிக்க வேண்டும், துணைக்கு வாருங்கள் என்று அழைத்துப் போனோம். ஒரு கிண்ணம் போன்ற கருவிக்குள் நடுப்புள்ளியையே பார்த்திருக்க வேண்டும். எங்கெங்கோ மின்னும் ஒளிப்பொட்டுகள் தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்த வேண்டும். அச்சாகி வந்த தாளில் இடது கண்ணின் புறப்பார்வை பெரும்பகுதி கறுத்திருந்தது. கிளாகோமா, கண் நீரழுத்த நோய். நடுப்பார்வை கடைசிவரை தெளிவாக இருக்கும். இழந்த பகுதி இருட்டாகத் தெரிவதில்லை, மூளை அதைத் தானே இட்டு நிரப்பிக்கொள்ளும். அதனால் நோயாளி அறிவதில்லை. போனது திரும்பாது, சொட்டு மருந்தால் இருப்பதைக் காக்கலாம் என்றார் மருத்துவர். அப்பா அந்தத் தாளை வாங்கி, விடைத்தாளைப் பார்ப்பதுபோல் நெடுநேரம் பார்த்தார்.

வண்டி ஓட்ட வேண்டாம் என்று அவரிடம் யார் சொல்வது? அதைக் குறித்து எங்கள் வீட்டில் ஒரு வாரம் பேச்சே இல்லை. எல்லாரும் மெல்ல நடமாடினோம். சட்டம் ஒரு வழி வைத்திருந்தது. அவருடைய ஓட்டுநர் உரிமமும் 2004இல் எடுத்ததுதான். முதிர்ந்த வயதினருக்கு அதுவும் ஐந்தைந்து ஆண்டு. வண்டியும் மனிதரும் ஒரே ஆண்டில் புதுப்பிப்புக்கு நின்றார்கள். வண்டியை ஆய்வாளர் பார்ப்பார். மனிதருக்கு மருத்துவர் கையெழுத்திட்ட சான்று வேண்டும். ‘சான்று கிடைக்காது அப்பா’ என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். அப்படி ஓர் அலுவலகத்தின் முதுகில் ஏறிக்கொண்டு பேச எனக்கு மனம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை அவர் வண்டியைத் துடைத்துக்கொண்டிருக்கையில் அருகில் போய் நின்றேன்.

“அப்பா, இனி நான் ஓட்டுதேன்.”

அவர் துடைப்பதை நிறுத்தவில்லை. வலப்பக்கம் முடித்து, முன்பக்கம் முடித்து, இடப்பக்கம் வந்தார். அங்கே கீறல்களின்மேல் துணி நின்றது.

“வண்டி பாஸாயிரும். நான்தான் பெயிலு” என்றார்.

நான் பதில் சொல்லவில்லை. நாற்பது ஆண்டுகள் பிறருக்கு மதிப்பெண் போட்டவர். அவர் தமக்கே ஒன்று போட்டுக்கொள்ளும்போது குறுக்கே பேச எனக்கு உரிமை இல்லை என்று தோன்றியது. சற்றுப் பொறுத்து, சாவியைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து என் கையில் வைத்தார். “ஸ்டெப்னில காத்து பாத்து ஆறு மாசம் ஆச்சு. யாரும் அதப் பாக்கதில்ல. வேணும்னு எடுக்கும்போதுதான் அதுவும் தட்டையாக் கிடக்கும்” என்றார். அன்றே பஞ்சர் கடைக்குப் போய்க் காற்றடித்து வந்தோம். நோட்டில் எழுதச் சொன்னார். என் கையெழுத்தில் பதிந்த முதல் வரி அதுதான்.

பொகுட்டெழினி தந்தைக்குப் பின் வந்தவன். சேம அச்சு பயன்படும் வேளை, முன்னதற்கு இயலாமற் போன வேளை. உப்பு வணிகர் அதை விரும்பியா வெளியே எடுத்திருப்பார்கள்? இல்லாமற் போனால் பாதி வழியில் நிற்க நேரும் என்பதற்காகக் கட்டியிருந்தார்கள். அடியில் கட்டுண்டு கிடக்கையில் அந்த அச்சுக்கும் வழியின் மேடுபள்ளம் எல்லாம் தெரிந்துதானே இருக்கும் என்று இப்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன்.

வண்டிக்கு 2029வரை பதிவு இருக்கிறது. எண்பதைத் தொட்ட அப்பா முன்னிருக்கையில் என் இடப்புறம் அமர்ந்து வருகிறார். காலையும் இரவும் சொட்டு மருந்து, அதற்கும் நோட்டில் ஒரு பக்கம். சாலையைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. ஆனால் காது கூர்மை. ஈரடுக்கு மேம்பாலத்தில் ஏறும்போது எஞ்சின் சற்றே முனகினால் போதும், கண்ணை மூடியபடியே சொல்வார்: “மூணுக்கு மாத்துட்டி. பிள்ள மூச்சு வாங்குது.”