வல்லின ஊர்

எங்கள் ஊரின் பெயரை ஒருமுறை உரக்கச் சொல்லிப் பாருங்கள். புதுக்கோட்டை. அதிலுள்ள மெய்கள் அனைத்தும் வல்லினம். கணவனும் மனைவியுமாகப் பல்லாண்டுகள் தமிழ் கற்பித்த நாங்கள் இதைக் கவனித்ததில்லை. கவனிக்கவைத்தவள் எங்களோடு வளரும் தங்கை மகள்.

2010 ஏப்ரல் இறுதியில் மேலுதடும் அண்ணமும் பிளந்தவளாய்ப் பிறந்தாள். அவ்வாண்டு ஜனவரி 15 அன்று நிகழ்ந்த சூரிய கிரகணத்தின்போது தங்கை அரிவாள்மனையைத் தொட்டதுதான் காரணம் என்றார்கள் வீட்டுப் பெரியவர்கள். கருவில் உதடு இரண்டாம் மாதத்திலும் அண்ணம் மூன்றாம் மாதத்திற்குள்ளும் கூடிவிடுகின்றன. கிரகணத்தன்று தங்கைக்கு ஆறாம் மாதம். இந்த எளிய கணக்கை நாங்கள் போட்டுப் பார்ப்பதற்குள் அவள் எத்தனையோ இரவுகள் அழுது தீர்த்திருந்தாள்.

ஐந்தாம் மாதத்தில் உதட்டையும், இரண்டு வயதை நெருங்குகையில் அண்ணத்தையும் தைத்தார்கள். உதடு ஆறியதும் படமெடுத்துச் சிங்கப்பூரில் வேலைபார்த்த தந்தைக்கு அனுப்பினோம். இனிக் கவலையில்லை என்றும் எழுதினோம். உத்தரப் பிரதேசத்துச் சிறுமி ஒருத்தி இதே அறுவை சிகிச்சையால் புன்னகையைப் பெறுவதைச் சொல்லும் 'ஸ்மைல் பிங்கி' ஆவணப்படம் 2009இல் ஆஸ்கர் விருது பெற்றிருந்தது. எங்கள் கதையும் புன்னகையோடு முடிந்துவிட்டதாகவே நம்பினோம்.

மூன்று வயதில் ஒருநாள் தொலைபேசியில் தந்தையை அழைத்தாள். அவருக்கு "அம்மா" என்று கேட்டது. "நான் அப்பா பேசுறேன் பாப்பா" என்றார். அவள் மீண்டும் அதையே சொன்னாள். அவர் பார்த்த படத்தில் குரல் இல்லை. இப்போது கேட்ட குரலில் முகம் இல்லை.

வல்லினம் பிறக்கக் காற்று வாய்க்குள் தேங்கி வெடிக்கவேண்டும். தைத்த பின்னும் அண்ணத்தின் பின்பகுதி மூக்குக்குச் செல்லும் வழியை முழுதாக அடைக்காவிட்டால் காற்று மேலே கசிந்து, பகரம் மகரமாகிவிடும். மெல்லினத்துக்குச் சேதமில்லை, அது மூக்கின் உடைமை. எழுத்துகளின் பிறப்பில் அண்ணத்துக்கும் மூக்குக்கும் உள்ள பங்கைத் தொல்காப்பியம் பிறப்பியலில் பேசுகிறது. வகுப்பில் அதை நடத்திய எங்களுக்கு வீட்டில் உறைக்கவில்லை.

பிறகு வாரந்தோறும் பேச்சுப் பயிற்சிக்காகத் திருச்சிப் பயணம். பயிற்சியாளர் மூக்கின் கீழே சிறு கண்ணாடியைப் பிடிப்பார். 'ப' சொல்லும்போது காற்று கசிந்தால் கண்ணாடி மங்கும். அது மங்காதிருக்க ஆண்டுகள் ஆயின. அதுவரை யார் ஊரைக் கேட்டாலும் அவளுக்கு முந்திக்கொண்டு நாங்களே சொன்னோம். அதை உதவி என்றே நினைத்திருந்தோம்.

இப்போது மேல்நிலைப் பள்ளியில் படிக்கிறாள். மூக்கின் ஒருபுறம் சற்றுத் தாழ்ந்திருப்பதை வளர்ச்சி முடிந்தபின் திருத்தலாம் என்கிறார்கள். திருமணத்தை எண்ணி அதை விரும்புகிறவர்கள் நாங்கள்தான். சென்ற மாதம் அந்தப் பேச்சை எடுத்தோம்.

"மூக்க அப்புறம் பாத்துக்கலாம் பெரியப்பா. யாராச்சும் எங்கிட்ட ஏதாவது கேட்டா நீங்களும் பெரியம்மாவும் பதில் சொல்லாம இருங்க. அது போதும்."

பகரமும் ககரமும் சற்றே மூக்கை உரசித்தான் வந்தன. ஆனால் ஒரு சொல்கூடப் புரியாமல் போகவில்லை.

மறுநாள் ஆலங்குடியில் பேருந்து ஏறினோம். நடத்துநர் வந்தார். நாங்கள் இருவரும் சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"புதுக்கோட்டை, மூணு" என்றாள்.